பெங்களூர் ஏரிகளும் நம் ஊர்க் குடிநீரும்



கெம்பேகவுடா பஸ் நிலையத்தில் ஒரு நாளேனும் பஸ்ஸுக்குக் காத்து நில்லாத தமிழர் பெங்களூரில் இரார். அவ்வாறு நாம் நின்ற இடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி என்னும் ஏரியாயிருந்தது என்பதை அறிந்தவர் சிலரே. கண்டீரவ விளையாட்டரங்கு எழுந்துள்ள இடம் சம்பங்கி ஏரி. இவ்விரண்டு ஏரிகளும், நம்மவர் மிகுதியாக வாழும் அல்சூரின் ஏரியும், 1882இல் கட்டப்பெற்ற சாங்கி ஏரியுமே முற்காலத்தில் இந்நகரின் தாகத்தைத் தணித்து வந்தன.

அவை போதாமற் போகவே, சேஷாத்ரி ஐயர் மைசூர்த் திவானாக இருந்த காலத்தில், அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் வழியாக நீர் கொணர்ந்தனர். 1933இல், அர்க்காவதியும் குமுதவதியும் கூடுமிடத்தில் திப்பகொண்டனஹள்ளி அணை எழுந்தது. 1974இல் காவிரி வந்தது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் உயரம் ஏற்றப்பட்டு வந்தது. 2024 அக்டோபரில் அக்காவிரித் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கியபோது நாளொன்றுக்கு மேலும் 77.5 கோடி லிட்டர் நீருக்கு வழி செய்யப்பட்டது. நகரம் பெருகியது ஒரு காரணம். அருகிலிருந்த நீரை நாமே கெடுத்துக்கொண்டது மற்றொரு காரணம்.

சரி, இவ்வாறு ஏற்றிக் கொணர்ந்த நீர் பயன்பட்டபின் எங்கே போகிறது? இதைத்தான் இன்று முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். பெங்களூர் ஒரு மேட்டின் முதுகில் அமர்ந்த நகரம். மேற்கே சாயும் நீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியே சென்று, கனகபுராவுக்குத் தெற்கே சங்கமம் என்னுமிடத்தில் காவிரியில் கலந்து ஒகேனக்கலை அடைகிறது. கிழக்கே சாயும் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் விழுந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கும், பின்னர்க் கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளுக்கும் செல்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தால் நீர் பெறுவன தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள். நம்மில் எத்தனை பேருடைய சொந்த ஊர் அம்மாவட்டங்களில் உள்ளது! இந்நகரத்துச் சாக்கடை, நம் பெற்றோர் குடம் வைக்கும் குழாயின் திசையிலேதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கெலவரப்பள்ளியில் நீர் திறக்கும் காலங்களில் வெண்ணுரை மலைபோல் எழுவதை ஓசூர்ப் பக்கத்தார் கண்டிருப்பர். அதன் பிறப்பிடம் பெல்லந்தூர்ப் பக்கமே. வீடுகளிலிருந்து வரும் சோப்பும் சலவைத்தூளும் சாக்கடை நீரோடு ஏரியிற் சென்று அடிச் சேற்றில் படிகின்றன. அங்கே பிராணவாயு இல்லை; ஆதலின் அவை சிதையாமல் தங்கிவிடுகின்றன. முதல் மழை பெய்து சேறு கலங்கும்போது அவை மேலெழுந்து, கலிங்கின் வழியே நீர் விழும் இடத்தில் காற்றோடு கலந்து நுரைக்கின்றன. சாக்கடையிலுள்ள பாஸ்பரஸும் நைட்ரஜனும் ஆகாயத்தாமரைக்கு உரமாகின்றன. அது ஏரியை மூடி வளர்ந்து, மடிந்து, அழுகி, எஞ்சிய பிராணவாயுவையும் உண்டுவிடுகிறது. 2015 மே மாதத்தில் பெல்லந்தூர் ஏரி தீப்பற்றியது. 2018 ஜனவரியில் மீண்டும் மூண்ட நெருப்பை அணைக்க இராணுவ வீரர்கள் வரவேண்டியதாயிற்று. இடையே, 2016 மார்ச்சில், திருவள்ளுவர் சிலை நோக்கியிருக்கும் நமது அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன.

சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். காவிரி நீர் நகருக்கு வந்த அதே 1974ஆம் ஆண்டில் பாராளுமன்றம் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆயினும் அச்சட்டம் பெரும்பாலும் குழாயின் வாயில் நின்று குற்றவாளியைத் தேடுவது. ஏரியோ ஒரு குழாயால் கெடுவதன்று. ஆயிரம் குழாய்களால் கெடுகிறது. அவற்றிற் பெரும்பாலானவை நகரத்தின் சொந்தச் சாக்கடைகள். எனவேதான் ஏரியின் கரையையும், ஏரிகளை இணைக்கும் ராஜகாலுவே என்னும் பெருங்கால்வாய்களையும் சேர்த்துக் காக்கும் சட்டம் தேவைப்படுகிறது. 2014இல் கர்நாடகச் சட்டசபை இயற்றிய ஏரிப் பாதுகாப்புச் சட்டம் ஏரி எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டடம் எழுப்புவதைத் தடுத்தது. 2016இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதனை 75 மீட்டராக்க உத்தரவிட்டது. 2019 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அவ்வுத்தரவை நீக்கிவிட்டது. சட்டப்படி வகுக்கப்பட்ட நகர்த் திட்டத்தைத் தீர்ப்பாயம் தன் உத்தரவால் மாற்றலாகாது என்பதே தீர்ப்பின் சாரம். அதாவது, எத்தனை மீட்டர் என்பதைச் சட்டந்தான் சொல்லவேண்டும். 2025 ஆகஸ்டில் சட்டசபை நிறைவேற்றிய திருத்த மசோதாவோ, பெரிய ஏரிகளுக்கு 30 மீட்டரை வைத்துக்கொண்டு, சிறிய ஏரிகளுக்கு அவ்வகலத்தைக் குறைக்கிறது. இது பிழை என்பது என் கருத்து. சிறு குளங்களே பெரிய ஏரிக்கு வடிகட்டியாக நிற்பவை.

திப்பகொண்டனஹள்ளியின் கதையையும் பாருங்கள். சுமார் 1,450 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்க 2003இல் அரசாங்கம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அணையை ஒட்டியும் ஆற்றோரங்களிலும் மாசு தரும் தொழில்கள் வரலாகாது என்றது. நல்ல உத்தரவு, ஆனால் அது உத்தரவுதானே! 2019இல் அக்கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. மேஜையில் எழுதியதை மேஜையிலேயே திருத்திவிடலாம். சட்டத்தைத் திருத்த வேண்டுமாயின் சபையில் எழுந்து நின்று காரணம் சொல்லவேண்டும். அவையில் கேட்போரும் இருப்பர், வெளியில் கேட்போரும் இருப்பர்.

இரு அரசுகள் பகிரும் நீர்நிலைக்கு இவ்வாறு செய்ய முடியுமா என்பார்க்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவும் கனடாவும் 1972இல் தமது பேரேரிகளைக் குறித்து உடன்படிக்கை செய்துகொண்டு, ஏரியிற் கலக்கும் பாஸ்பரஸைக் குறைக்க முனைந்தன. செத்த ஏரி என்று பத்திரிகைகள் எழுதிய ஈரி ஏரி அதன்பின் பெரிதும் தேறியது. பின்னாளில் வயல்களின் உரத்தால் அங்கே மீண்டும் பாசி படர்ந்ததையும் மறைக்காமற் சொல்லவேண்டும். காவல் தளர்ந்தால் நீர் கெடுகிறது.

இச்சட்டங்களுக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றுள் ஒன்று மட்டும் என்னைத் தயங்க வைக்கிறது. ராஜகாலுவே ஓரங்களில் வாழ்வோருள் ஏழைகள் பலர். அவர்களில் தமிழரும் உளர். பத்திரம் பதிந்து, வரி செலுத்தி, இருபது ஆண்டு வாழ்ந்தவனை நோக்கி, ‘இது கால்வாய் நிலம்’ என்று திடீரெனச் சொல்வது நீதியாகாது. மாற்றிடம் தரும் கடமையும் அச்சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். அடுக்குமாடி கட்டி விற்றவருக்கு இந்தச் சலுகை வேண்டுவதில்லை. 2018 டிசம்பரில் பெல்லந்தூருக்காகத் தீர்ப்பாயம் மாநில அரசுக்கு 50 கோடி ரூபாயும், மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது; அது நாம் கட்டிய வரிப்பணம்.

நாம் செய்யக்கூடியது என்ன? அடுக்குமாடியில் வாழ்வோர் தம் கட்டடத்துச் சுத்திகரிப்பு நிலையம் உண்மையிலேயே ஓடுகிறதா என்று சங்கக் கூட்டத்தில் கேட்கலாம். ஏரிச் சட்டத்தைப் பற்றி அரசாங்கம் பொதுமக்களின் கருத்தைக் கோரும்போது, தமிழர் சங்கங்கள் வாளாவிருத்தல் ஆகாது. காவிரிப் பேச்சு எழுந்தாலே வாய்மூடிக்கொள்வது நமக்குப் பழகிவிட்டது; அதற்குக் காரணமும் உண்டு. ஆனால் ஏரியைக் காக்கவேண்டும் என்பதில் கன்னட அயலாருக்கும் நமக்கும் வழக்கேதும் இல்லை. மனுவைக் கன்னடத்தில் எழுதுங்கள். உங்கள் தெருவுக்கு அருகிலுள்ள ஏரியின் பெயரையும், கால்வாயின் சர்வே எண்ணையும் குறிப்பிடுங்கள். அடுத்த வீட்டுக்காரரின் கையொப்பத்தை முதலிலும் உங்களுடையதை அதன் கீழும் இடுங்கள்.