அடுப்பங்கரையிலும் ஒரு எழுதுமேஜை
(முன்னாள் மாணவியர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வீட்டிலிருந்தபடியே எழுதிச் சம்பாதிப்பது பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கக்கா" என்றார் நம் செயலாளர். ஒப்புக்கொண்டேன். காலையில் வாசலிலேயே மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னை நிறுத்தினாள். "மேடம், இப்போ கம்ப்யூட்டரே மொழிபெயர்த்துடுதே, இனிமே இந்த வேலை எதுக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கு வருமுன் என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

1998-இல் என் கணவர் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். பெரியவளுக்கு ஏழு வயது. சின்னவன் கைக்குழந்தை. மாமியார் பக்கவாதத்தில் படுத்திருந்தார். நான் வெளியே வேலைக்குப் போக வழியில்லை. என்னிடம் இருந்ததெல்லாம் இந்தக் கல்லூரி கொடுத்த ஆங்கிலமும், வீட்டில் பேசி வளர்ந்த தமிழும்தான். ஒரு பதிப்பகத்தில் உடல்நல நூல் ஒன்றை மொழிபெயர்க்கக் கொடுத்தார்கள். சோறு கொதிக்கும்போது இரண்டு வரி, பிள்ளை தூங்கும்போது ஒரு பக்கம் என்று ஐந்து மாதம் எழுதினேன். இரண்டாயிரம் ரூபாய் கிடைத்தது. சந்தோஷத்தில், நீட்டிய தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் புத்தகம் பல பதிப்புகள் கண்டது. மறுபதிப்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்கப் போனேன். "உரிமையை முழுசா எழுதிக் கொடுத்துட்டீங்களேம்மா" என்று தாளை எடுத்துக் காட்டினார்கள். என் கையெழுத்துதான். என்ன சொல்ல முடியும்? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன்.

பிறகுதான் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் உரிமை கைமாறும். எத்தனை காலத்துக்கு என்று தாளில் எழுதாவிட்டால், ஐந்து ஆண்டு என்றே கொள்ள வேண்டும். நான் போட்ட தாளிலோ எல்லாக் காலத்துக்கும் என்று எழுதியிருந்தது! மொழிபெயர்ப்புக்கும் தனிப் பதிப்புரிமை உண்டு. மூல ஆசிரியரின் அனுமதியோடு செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அன்றிலிருந்து படிக்காமல் ஒரு தாளிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

வீட்டில் இருந்தபடி எழுதுவது புதிய வழியும் அல்ல. பள்ளிக்கூடம் போகாத வை.மு.கோதைநாயகி அம்மாள், தம் முதல் படைப்பைத் தாம் சொல்லச் சொல்லத் தோழி எழுதிக்கொள்ள உருவாக்கியவர். 1925-இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். பட்டம் வாங்கிய நாம் தயங்கலாமா?

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். இன்று எனக்கு வருவதில் பெரும்பகுதி மருத்துவ ஆய்வுகளுக்கான ஒப்புதல் படிவங்கள். புதிய மருந்து ஒன்றைச் சோதிக்கும்போது, அதில் சேரும் நோயாளிக்குப் புரியும் மொழியில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாக வேண்டும். இயந்திரம் செய்த ஒரு படிவம் சென்ற ஆண்டு திருத்தத்துக்கு வந்தது. சிகிச்சைச் செலவைப் பற்றிய வரியில், "செலவை நாம் ஏற்றுக்கொள்வோம்" என்று இருந்தது. ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரும் சேர்ந்துவிடுவார். படிக்கிற ஏழை நோயாளி, செலவில் தனக்கும் பங்கு உண்டு என்றல்லவா நினைப்பார்? 'நாங்கள்' என்று மாற்றினேன். ஒரே ஒரு சொல்தான். ஆனால் அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். எனக்குக் காசு கொடுப்பது அந்தப் பொறுப்புக்குத்தான்.

மறைக்காமல் சொல்கிறேன்: இயந்திரம் வந்தபின் கூலி குறைந்திருக்கிறது. சாதாரணக் கடிதங்கள், விளம்பரங்கள் எல்லாம் கையை விட்டுப் போய்விட்டன. நானும் இயந்திரத்தைப் பயன்படுத்துகிறேன். அரைக்கிற வேலையை மிக்ஸிக்குக் கொடுப்பது போல. உப்புப் பார்ப்பது நான்தான்.

தங்கைகளுக்கு நாலு வார்த்தை. முதல் இரண்டு வருஷம் இந்த வருமானம் பால் கணக்குக்குக்கூடக் காணாது. இதை நம்பி இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். வேலை தருகிறோம், முன்பணம் கட்டு என்பவன் வேலை தருபவன் அல்ல, ஏமாற்றுபவன். நீங்கள் படித்த துறை ஏதோ, அதிலேயே எழுதுங்கள். எனக்குச் சோறு போட்டது விலங்கியல்தான். கையெழுத்துப் போடுமுன் தாளை இரண்டு முறை படியுங்கள்.

என் மாமியார் கடைசி நாள் வரை என் கையால்தான் சாப்பிட்டார். மகள் இதே கல்லூரியில் படித்தாள், என் எழுத்துக் கூலியில் ஃபீஸ் கட்டி. ஆபீசுக்குப் போயிருந்தால் இன்னும் கூடச் சம்பாதித்திருப்பேனோ என்னவோ. ஆனால் அந்த இரண்டும் சேர்ந்து எனக்குக் கிடைத்திருக்குமா?

ஆங்கிலமும் அறிவியலும் சொல்லிக் கொடுத்த என் ஆசிரியர்களை வணங்கி அமர்கிறேன்.