புத்திக்கூர்மையும் பொறுமையும்

 



“பிள்ளை நல்ல அறிவாளி, வீட்டுப்பாடம் என்றால் மட்டும் முகம் சுளிக்கிறான்” என முறையிடுவோர் நம்மில் பலர். கணக்கின் விடையை மனத்திலேயே கண்டுவிடுகிறான். வழிமுறையை எழுதச் சொன்னால் மறுக்கிறான். தெரிந்ததை ஏன் எழுத வேண்டும் என்பது அவனது கேள்வி. சோம்பேறி என ஏசுமுன், அக்கேள்வியில் ஓரளவு நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்ளுங்கள்.

வெள்ளிதோறும் நாம் ஓதும் கஹ்ஃபு அத்தியாயத்தில், நபி மூஸா (அலை) அவர்கள் ஹிள்ரு (அலை) அவர்களிடம் கற்கச் சென்ற வரலாறு வருகிறது. மாணவரோ அல்லாஹ்வுடன் உரையாடிய பெரும் நபி. ஆசிரியர் அவர்களின் அறிவாற்றலைச் சோதிக்கவில்லை; காரணம் விளங்காததைப் பொறுத்திருக்க இயலாதே என்றுதான் முதலில் எச்சரித்தார்கள். கப்பல், சிறுவன், சுவர் ஆகிய மூன்றிலும் மூஸா (அலை) அவர்களால் பேசாதிருக்க முடியவில்லை, பயணம் முடிந்தது. அவர்கள் பொறுத்திருந்தால் இன்னும் பல செய்திகள் நமக்குக் கிடைத்திருக்குமே என நபி (ஸல்) அவர்கள் விரும்பியதாக புகாரியில் காண்கிறோம்.

உங்கள் பிள்ளைக்கும் குறைவது அறிவன்று. காரணம் விளங்காத வேலையில் நிலைத்திருக்கும் பழக்கமே. ஹிள்ரு (அலை) அவர்கள் பிரியும் வேளையில்தான் காரணங்களை விளக்கினார்கள். இறைவனிடமிருந்து தனி ஞானம் பெற்ற அவர்களுக்கு அது தகும். நாமோ முன்பே சொல்லிவிடுவது நல்லது! மேல் வகுப்புகளில் கணக்கு நீளும், மனத்தில் அடங்காது, எழுதிப் பழகாத கை அப்போது தடுமாறும் என்பதை எடுத்துரையுங்கள்.

ஹிஃப்ளு மதரஸாவைப் பாருங்கள். புதுப் பாடத்தை விரைவில் மனனமிடும் மாணவனுக்குப் பழைய பாடத்தைத் திரும்ப ஓதுவது கசக்கும். ஆயினும் உஸ்தாத் விடமாட்டார். கட்டவிழ்ந்த ஒட்டகத்தினும் வேகமாகக் குர்ஆன் நெஞ்சைவிட்டு நழுவும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்களே!

குறைவாயினும் நிலையான அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்பதும் நபிமொழி. எனவே மஃரிபுக்குப் பின் 20 நிமிடம் போதும். ஆனால் தினமும் வேண்டும். வாப்பாவோ உம்மாவோ கைபேசியை ஒதுக்கிவிட்டு அருகில் அமருங்கள். முடித்ததும் “நீ கெட்டிக்காரன்” எனப் புகழாதீர்கள். அப்புகழுக்குப் பழகியவன், தோற்றால் பெயர் போய்விடுமே என அஞ்சிக் கடினமானதைத் தொடமாட்டான். “பிடிக்காவிட்டாலும் முடித்தாயே” என்று சொல்லுங்கள்.

பாடம் உண்மையிலேயே அவனது தரத்திற்குக் கீழானது எனில், அவனைக் கடியாமல் ஆசிரியரைச் சென்று காணுங்கள். ஒரே வகைக் கணக்குகள் பத்துக்குப் பதிலாக ஐந்தும், கடினமானவை இரண்டும் தருமாறு பணிவுடன் கேட்பதில் தவறில்லை.