செக்ரோலில் பெயர் இருந்தால் போதுமா?

(மலாக்கா மாநிலத் தோட்டக் கிளைகளின் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)

சம்பளத்தைப் பற்றிப் பேச இம்மேடையில் பலர் உண்டு. நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. நம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அரசாங்க ஆஸ்பத்திரியில் எந்தக் கட்டணத்தில் மருத்துவம் கிடைக்கும், அதற்குத் தகுதி என்ன என்பதே அது.

முன்னாளில் இக்கேள்விக்கு விடை எளிது. தோட்டத்து மருத்துவம் முதலாளியின் பொறுப்பு என்று வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டமே விதித்திருந்தது. தாய் தகப்பன் பெயர் செக்ரோலில் இருந்தால் போதும். "யார் பிள்ளை? எந்த லயம்?" என்று டிரஸ்ஸர் கேட்பார், மருந்து கொடுப்பார். அதனால் அது பொற்காலம் என்று யாரும் மயங்க வேண்டாம். மலேரியாவுக்குப் பிள்ளைகளை வாரிக் கொடுத்த காலமும் அதுதான். ஆனால் மருந்து கேட்டு வந்த பிள்ளையிடம் எவரும் காகிதம் கேட்டதில்லை.

இன்று நிலை மாறிவிட்டது. தோட்ட மருத்துவ வசதிக்கு 1990ஆம் ஆண்டின் 446ஆம் எண் சட்டம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. நம் மக்கள் ஜாசின், அலோர் காஜா, மஸ்ஜித் தானா பக்கத்து வீடமைப்புகளில் குடியேறிவிட்டார்கள். பிள்ளைக்கு நோய் என்றால் அரசாங்கக் கிளினிக்குதான் கதி. அங்கே குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. குடிமகன் அல்லாதவருக்கோ பல மடங்கு. படுக்கையில் சேர்க்க முன்பணமும் கட்டவேண்டும்.

ஆகவே, இந்நாட்டில் பிள்ளைகளுக்கென்று தனியாக அரசாங்க மருத்துவக் காப்புறுதி இல்லாவிட்டாலும், குடியுரிமைதான் அவர்களுடைய காப்புறுதி. பிறப்புப் பத்திரம்தான் அதன் பாலிசி. 2019இல் வந்த 'பேகா பி40' திட்டம் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. சொக்சோ, உழைப்பவனுக்குக் காப்பு. பிள்ளையின் காய்ச்சலுக்கு அல்ல.

பிற நாடுகளில் வேறு அளவுகோல் உண்டு. தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும் என்றார்கள். அமெரிக்காவில் 1997இல் ஏற்பட்ட பிள்ளைகள் காப்புறுதித் திட்டமும் வருமானத்தைத்தான் பார்க்கிறது. அங்கே "உனக்கு எவ்வளவு வருமானம்?" என்பது கேள்வி. இங்கே "நீ யார்?" என்பது கேள்வி. ஏழை என்று சொல்லி இக்கேள்விக்குத் தப்ப முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? மெர்டேக்கா நாளிலிருந்து 1962 செப்டம்பர் முடிய இங்கே பிறந்தவர்கள் பிறந்த மண்ணாலேயே குடிமக்களானார்கள். அதன்பின் மண் மட்டும் போதவில்லை; பெற்றோரின் தகுதியும் வேண்டியதாயிற்று. இதில் பலருக்குத் தெரியாத முடிச்சு ஒன்று உண்டு. பெற்றோர் சட்டப்படி மணந்தவர்களாக இல்லையென்றால், பிள்ளை தாயின் வழியே போகும். தகப்பன் நீலக் கார்டு வைத்திருந்தும் பயனில்லை.

கோயிலில் தாலி கட்டினால் திருமணம்தானே என்பீர்கள். நமக்குத் திருமணம், சட்டத்துக்கு அல்ல. 1976ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி அமலுக்கு வந்தது. அன்று முதல் பதியாத திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணமே அல்ல.

நாங்கள் செய்த தவறு ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஒரு பால்வெட்டுக்காரத் தம்பி. அவன் மணந்த பெண் லயத்திலேயே பிறந்தவள். அவளைப் பெற்றவர்கள் பத்திரம் எடுக்கவில்லை. திருமணத்தைப் பதிய வழி கேட்டு ஆபீசுக்கு வந்தான். சம்பள நாள். "அதுதான் தாலி கட்டியாயிற்றே, என்ன அவசரம்? அடுத்த மாதம் பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டோம். அடுத்த மாதம் வரவில்லை. பிள்ளை வந்தது. அதன் பத்திரத்தில் 'குடிமகன் அல்ல' என்று எழுதி வந்தது. மூன்று வயதில் அதற்கு இழைப்பு கண்டபோது, ஆஸ்பத்திரி முகப்பில் கேட்ட முன்பணம் அவன் மாதச் சம்பளத்துக்கு மேல். பெரட்டுக் களத்தில் தொப்பியேந்தி வசூல் செய்தோம். பிள்ளை பிழைத்தது. ஆனால் அந்தத் தொப்பியில் விழுந்தது எங்கள் சோம்பலுக்குத் தொழிலாளர்கள் கட்டிய அபராதம் அல்லவா? அந்தத் தம்பி எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஆகவே தோழர்களே, நான்கு காரியங்கள். ஒன்று, பிள்ளை பிறப்பதற்கு முன்பே திருமணத்தைப் பதியுங்கள். இரண்டு, பிறந்த 60 நாளுக்குள் பிறப்பைப் பதியுங்கள். கடந்தால் சாட்சி, விசாரணை என்று அலைச்சல். பத்திரத்தில் பெயரும் கார்டு எண்ணும் எழுத்துக்கு எழுத்துச் சரியா என்று அங்கேயே பாருங்கள். மூன்று, உறவில் வாய்வார்த்தையாகத் தத்தெடுத்த பிள்ளை இருந்தால் அதையும் பதியுங்கள். பாசத்துக்குப் பத்திரம் வேண்டாம், பிள்ளைக்கு வேண்டும். நான்கு, பத்திரம் இல்லாத, வயது வரம்புக்குட்பட்ட பிள்ளைக்கு அரசியல் சட்டத்தின் 15ஏ பிரிவில் விண்ணப்பம் செய்யலாம். சிவப்புக் கார்டுக்காரர்கள் மிகவும் கவனியுங்கள்: குடியுரிமை விதிகளை 2024இல் நாடாளுமன்றம் திருத்தியிருக்கிறது. பழைய பேச்சை நம்பாமல் பதிவிலாகாவில் நேரில் கேளுங்கள்.

சங்கத்துக்கும் வேலை உண்டு. இங்கே பிறந்து, இங்கே வளர்ந்து, பெரியவர்களின் பிழையால் காகிதமில்லாமல் போன பிள்ளைக்குக் குடிமக்கள் கட்டணத்திலேயே மருத்துவம் வேண்டும் என்று நாம் கேட்கவேண்டும். பிழை செய்தது பிள்ளை அல்ல.

கிராணிமார்களே, கடைசி வார்த்தை உங்களுக்கு. செக்ரோலில் ஒரு நாள் பேர் விடுபட்டால் ஆள் வந்து சண்டை போடுவான், திருத்திவிடலாம். பிறப்புப் பத்திரத்தில் விடுபட்டவன் சண்டை போடத் தெரியாதவன், தொட்டிலில் கிடக்கிறான். அவனுக்காக இந்த வாரமே ஒவ்வொரு கிளையும் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கட்டும். பேனா நம் கையில்தான் இருக்கிறது.