ஒடுக்கு வேறு, விரிசல் வேறு
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



குழுக்கடன் வாங்கி வேங்கிக்கால்ல சைக்கிள் கடை வச்சிருக்கேன். ஆரம்பிச்சப்போ, "பொம்பளைக்கு எதுக்கு ஸ்பேனர்?"னு கேட்டாங்க. 1991-ல் புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் நடந்தப்போ, கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா சைக்கிளையும் அதுல சேர்த்தாங்க. லட்சம் பெண்களுக்கு மேல ஓட்டக் கத்துக்கிட்டாங்க. அவங்களும் கேலிப் பேச்சைத் தாண்டித்தான் வந்தாங்க.

போன வருஷம் ஒரு அக்கா, மகளோட விலையில்லா சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. கருங்கல்லுல மோதி, பிரேம்ல ரெண்டு இடத்துல ஒடுக்கு. "பட்டி வச்சு பெயிண்ட் அடிச்சுக் கொடும்மா. முடியாதுன்னா பழைய இரும்புக் கடையில போட்டுடுறேன். இவ படிச்சது போதும்"னாங்க. அந்தப் பொண்ணு ஒண்ணும் பேசாம நின்னுச்சு.

பிரேம் குழாய் உள்ளே காலியா இருக்கும். வெளியே சுத்தியால தட்டினா ஒடுக்கு இன்னும் உள்ளேதான் போகும். அதனால முதல்ல அது எந்த மாதிரி ஒடுக்குன்னு பார்க்கணும்.

மேல்குழாயில இருந்தது கிண்ணம் மாதிரி வழவழப்பான சின்னப் பள்ளம். அதால பெரிய ஆபத்து இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, துருவை எடுத்து, ரெட் ஆக்சைடு பூசி, மேலே பெயிண்ட் அடிச்சா போதும். ஒடுக்கை எடுத்தே ஆகணும்னா, குழாய் அளவுக்குக் குடைஞ்ச ரெண்டு கட்டைக்கு நடுவுல குழாயை வச்சு, கிரீஸ் தடவி, வைஸ்ல கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி உருட்டணும். பள்ளத்தோட ஓரம் அமுங்க அமுங்க, நடு மேலே வரும்.

ரெண்டாவது ஒடுக்கு கீழ்க்குழாயில, ஹேண்டிலுக்குப் பக்கத்துல, அடிப்பக்கம். மடிப்பு மாதிரி விழுந்து, பெயிண்ட் வெடிச்சிருந்தது. பெயிண்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் கழிச்சுத் துடைச்சுட்டு, சாக்பீஸ் தூளைத் தேய்ச்சேன். முடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு தெரிஞ்சது. விரிசல்! பட்டி வச்சு மூடியிருந்தா வெளியே தெரியாது. ஆனா ஓட்டும்போது அங்கேயே ஒடிஞ்சிருக்கும்.

"இதை இனி ஓட்டக்கூடாது அக்கா, வேற பிரேம் மாத்திடலாம்"னு சொன்னேன். பழைய பிரேம் ஒண்ணு கிடைச்சது. அதுல பின்சக்கரம் மாட்டுற இடத்துல நூலைக் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுத்தி மறுபக்கம் கொண்டுவந்து கட்டினேன். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தது. அப்போ பிரேம் கோணலில்லை. சக்கரம், பெடல், ஹேண்டில் எல்லாம் பழசையே மாட்டினேன். செலவுக்கு எங்க குழுவே உள்கடன் கொடுத்தது. அந்தப் பொண்ணு இப்போ பிளஸ் 2 படிக்குது.

நம்ம கணக்குப் புத்தகமும் அப்படித்தான். ஒரு தவணை தள்ளிப்போனா அது ஒடுக்கு. உட்கார்ந்து பேசிச் சரி பண்ணிடலாம். அதை மறைச்சு எழுதினா, அங்கேதான் குழு உடையும்.

உங்க வீட்டுப் பிள்ளைங்க சைக்கிளை நாளைக்குக் காலையில ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. முக்கியமா, ஹேண்டிலுக்குக் கீழே.