சட்டை உள்ளேயா, வெளியேயா?

கல்யாண வரவேற்பு, கல்லூரியில் நடக்கும் வேலைத் தேர்வு, ஊட்டிப் பயணம், ஏசி நடுங்கவைக்கும் அலுவலகம் என்று ஏதோ ஒரு காரணத்துக்காக நம் இளைஞர்கள் பலர் இப்போது ஒரு கோட்டாவது வைத்திருக்கிறார்கள். டை கட்டிக்கொள்ளும் முழு சூட்டைச் சொல்லவில்லை. ஜீன்ஸுக்கு மேல் போடும் பிளேசர், டெனிம் ஜாக்கெட், இடுப்போடு நின்றுவிடும் பாம்பர் ஜாக்கெட், இந்த மாதிரி. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றதும் கேள்வி வந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் சட்டையை இன் பண்ணுவதா, வெளியே விடுவதா? அப்பா இன் பண்ணச் சொல்வார். தம்பி, "வெளியே எடுத்து விடுண்ணா, அதுதான் ஸ்டைல்" என்பான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டையைக் கழற்றிக் கட்டிலில் விரித்துப் போட்டு, அதன் கீழ் விளிம்பைப் பாருங்கள். அதை எப்படி உடுத்த வேண்டும் என்பதை வெட்டியவர் வெட்டும்போதே முடிவு செய்திருப்பார்.

நம் ஊர் தையல்கடைகளில் "ஆப்பிள் கட்" என்று சொல்கிறார்களே, அந்தச் சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் வளைந்து தொங்கும், விலாப் பக்கம் மேலேறி இருக்கும். கடைசிப் பொத்தானுக்குக் கீழே நாலைந்து விரல் அளவு துணி சும்மா கிடக்கும். நல்ல சட்டையாக இருந்தால், முன்துணியும் பின்துணியும் சந்திக்கிற அந்த விலா முனையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு முக்கோணத் துணியை வைத்துத் தைத்திருப்பார்கள். சட்டையை உள்ளே செருகிவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்தால் அந்த இடம்தான் முதலில் இழுபடும். அது கிழியாமல் இருக்கத்தான் அந்தத் துண்டு. நீளமும் வளைவும் முக்கோணமும் உள்ளே இருப்பதற்காகச் செய்யப்பட்டவை. இடுப்பைத் தாண்டி நீளமாக இருந்தால்தான் கையைத் தூக்கும்போது சட்டை பேன்ட்டை விட்டு உருவிக்கொண்டு வராது. விலாப் பக்கம் துணி குறைவாக இருந்தால்தான் இடுப்பில் மடிப்பு திரளாது.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் சட்டை என்பது உள்ளாடையாகவே இருந்தது. தொடை வரை நீண்ட அதன் வாலைக் கால்களுக்கு நடுவே மடித்துவிட்டுத்தான் மேலே காற்சட்டை போட்டார்கள். சட்டை வெளியே தெரிந்தால் உள்ளாடை தெரிந்ததுபோல. பிறகு தனி உள்ளாடை வந்தது, சட்டை வெளியாடை ஆனது. ஆனால் அந்த வால் இன்னும் போகவில்லை.

இன்னொரு வகை, விளிம்பு நேராக இருக்கும் சட்டை. விலாவில் ஒன்றரை இரண்டு அங்குலத்துக்குச் சின்னத் திறப்பு இருக்கும். அரைக்கை ஸ்லாக் சட்டை, புஷ் ஷர்ட் என்று நம் தாத்தாக்கள் தைத்துப் போட்டது இதைத்தான். இதை வெளியேதான் விட வேண்டும். செருகினால் உள்ளே நிற்கவும் நிற்காது, இடுப்பில் உப்பிக்கொள்ளும்.

சட்டையை மட்டும் பார்த்தால் போதாது, மேலே போடுவதன் நீளத்தையும் பார்க்க வேண்டும். நடுத்தர உயரமுள்ள ஒருவருக்கு, இன் பண்ணுவதற்கான சட்டை கழுத்துப்பட்டிக்குக் கீழே முதுகில் சுமார் 30, 31 அங்குலம் இருக்கும். டெனிம் ஜாக்கெட் 25 அங்குலத்தை ஒட்டி நின்றுவிடும். ஆக ஐந்தாறு அங்குலச் சட்டை வளைந்த வாலோடு கீழே தொங்கும். ஜாக்கெட் ஒரு பட்டை, சட்டை ஒரு பட்டை, பேன்ட் ஒரு பட்டை என்று உடம்பு மூன்றாகத் துண்டுபட்டுத் தெரியும். கால் குட்டையாகிவிடும். பலர் "இந்த ஜாக்கெட் எனக்குச் சரிப்படலை" என்று அலமாரியில் போட்டு வைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஐந்து அங்குலம்தான்.

அந்த ஜாக்கெட்டுகள் ஏன் அவ்வளவு குட்டை? பாம்பர் ஜாக்கெட்டின் இன்றைய வடிவம் 1950களில் அமெரிக்க விமானப்படைக்காக வந்தது. ஒடுக்கமான விமானி அறையில் உட்கார்ந்தே இருக்கும் மனிதனுக்கு வயிற்றில் துணி சுருண்டு இடிக்கக் கூடாது. அதனால் இடுப்போடு முடித்து, பின்னல் பட்டை வைத்துக் கவ்வ விட்டார்கள். டெனிம் ஜாக்கெட்டும் உழைப்பாளிகளின் உடை. அன்றைய ஜீன்ஸ் உண்மையான இடுப்பில், தொப்புளை ஒட்டி நின்றது. சட்டையை உள்ளே செருகிய ஆளுக்காக வெட்டிய ஜாக்கெட் அது. இன்று ஜீன்ஸ் இறங்கிவிட்டது, ஜாக்கெட் அப்படியே இருக்கிறது. நடுவில் சட்டை மாட்டிக்கொண்டு விழிக்கிறது.

பைக்கில் போகிறவர்களுக்கு இதில் இன்னொரு தொல்லை. முன்னால் குனிந்ததும் ஜாக்கெட் முதுகில் மேலேறும், வெளியே விட்ட சட்டை காற்றில் படபடக்கும். விடியற்காலைக் குளிர் நேராக இடுப்பில் ஏறும். பைக்குக்காக ஜாக்கெட் போடுகிறவர் இன் பண்ணிக்கொள்வதுதான் நல்லது. இல்லையென்றால் உள்ளே டீ ஷர்ட் போதும். டீ ஷர்ட் குட்டையானது, அதை வெளியே விட்டாலும் ஜாக்கெட்டுக்குக் கீழே பெரிதாகத் தொங்காது.

பிளேசர் வேறு சாதி. 29 அங்குலத்துக்குப் பக்கத்தில் இருக்கும், பின்புறத்தை மூடும். டை கட்டினால் இன் பண்ணியே ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை. டை இல்லாமல் ஜீன்ஸோடு போடும்போது, நேர் விளிம்புச் சட்டை பிளேசரை விடக் குட்டையாக, பேன்ட் ஜிப்பின் பாதியோடு நின்றால் வெளியே விடலாம், நன்றாகவே இருக்கும். ஆப்பிள் கட் என்றால் உள்ளே. பிளேசருக்குக் கீழே அந்த வளைந்த வால் ஒரு அங்குலம் எட்டிப் பார்த்தாலும் அவசரமாக வந்தவர்போலத் தோன்றும்.

இந்த இடத்தில், "நம் ஊரில் ஜிப்பாவுக்கு மேல் நேரு கோட்டு போடுகிறார்களே, ஜிப்பா முழங்கால் வரை தொங்குகிறதே, அது அழகாகத்தானே இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே உள்ளே இருப்பது தனக்கென்று ஒரு நீளம் உள்ள உடை, அது வேண்டுமென்றே தெரிகிறது. கண்ணுக்குக் குழப்பமில்லை. உடையா மிச்சமா என்று தெரியாமல் தொங்குகிற நாலைந்து அங்குலம்தான் உறுத்துகிறது.

சட்டையை வெளியே விடுவது மரியாதைக் குறைவு என்ற எண்ணத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பள்ளிக்கூடத்தில் "இன் பண்ணுடா" என்று அதட்டி அதட்டி அதை நம் மனதில் பதியவைத்துவிட்டார்கள். வேட்டிக்கு மேல் யாராவது சட்டையை இன் பண்ணுகிறார்களா? நம்முடைய ஆக மரியாதையான உடையில் சட்டை வெளியேதான் இருக்கிறது. காமராஜர் தொளதொளத்த வெள்ளைச் சட்டையை வேட்டிக்கு மேல் தொங்கவிட்டுத்தான் ஒரு மாநிலத்தை ஆண்டார். 2014இல் வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விட மறுத்தபோது, அதே ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றம் இத்தகைய உடைத் தடைகளை நீக்கித் தனிச் சட்டமே இயற்றியது.

வெயில் நாடுகள் பலவும் இப்படித்தான். பிலிப்பைன்ஸில் ரமோன் மக்சேசே 1953இல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது, வெளியே விடும் மெல்லிய பாரோங் சட்டையைத்தான் உடுத்தியிருந்தார். கியூபா 2010இல் நேர் விளிம்பு உள்ள குவாயபெரா சட்டையை அரசு விழாக்களுக்கான உடையாக்கியது. 1994இல் இந்தோனேசியாவின் போகோரில் கூடிய நாட்டுத் தலைவர்கள் பாத்திக் சட்டையை வெளியே விட்டுக்கொண்டு படமெடுத்துக்கொண்டார்கள். காற்று உள்ளே போய் வர வழி வேண்டும் என்பது வெப்ப நாடுகளின் அறிவு. அதைக் குறைத்துப் பேச நமக்கு ஒரு காரணமும் இல்லை.

விளிம்பைப் பார்த்து முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதன்முதலாக நேர்காணலுக்குப் போகும் பையன்கள், அண்ணனுடைய பிளேசரையோ நண்பனுடைய பிளேசரையோ வாங்கிப் போட்டுக்கொண்டு, சட்டை சரியாக இருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒரு தரம் இடுப்பைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். கேட்ட கேள்வி காதில் விழாது. அந்தப் பதற்றம் அவர்களுக்கு வேண்டாம். நேர்காணல் என்றால் ஆப்பிள் கட் சட்டை, இன், பெல்ட். அதோடு அந்த யோசனையை விட்டுவிடுங்கள் தம்பிகளே.

இன் பண்ணிய சட்டை நிற்க வேண்டுமென்றால் பேன்ட் மேலே ஏற வேண்டும். தொப்புளுக்கு நாலு விரல் கீழே நிற்கும் பேன்ட் எந்தச் சட்டையையும் பிடித்து வைக்காது. பிளேசரின் பொத்தானைப் போட்டால் அதற்குக் கீழே சட்டை ஒரு வெள்ளை முக்கோணமாகத் துருத்திக்கொண்டு தெரியும். தொப்பை உள்ளவர்கள் பேன்ட்டைத் தொப்பைக்கு அடியில் கட்டுவதை விட்டுவிட்டுத் தொப்புள் மட்டத்தில் போட்டுப் பாருங்கள். சட்டை நழுவாது, தோற்றமும் நிமிர்ந்துவிடும். பேன்ட் வாங்கும்போது இடுப்புப் பட்டையின் உள்பக்கம் ரப்பர் வரிகள் ஓடுகின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள், அவை சட்டையைப் பிடித்துக்கொள்ளும். சட்டை உடம்பில் தொளதொளவென்று இருந்தால், விலாப் பக்கத்து உபரித் துணியை இரண்டு கையாலும் பிடித்து, முதுகுப் பக்கமாக மடித்துச் செருகி, பெல்ட்டை இறுக்குங்கள். பட்டாளத்தில் செய்கிற முறை அது.

நம் ஊர் வெயிலுக்கு இன்னொன்றும் யோசிக்க வேண்டும். மண்டபத்துக்குள் நுழைந்து அரை மணியில் பிளேசரைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிடுவோம். மீதி நேரமெல்லாம் சட்டைதான் நம் உடை. ஆகையால் கண்ணாடி முன்னால் ஒரு தரம் மேலே போட்டுப் பாருங்கள், ஒரு தரம் கழற்றியும் பாருங்கள். இன் பண்ணிப் போனதைப் பாதி வழியில் வெளியே எடுக்க வேண்டாம், இடுப்பைச் சுற்றிக் கசங்கிய கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

பிடித்த சட்டை ஆப்பிள் கட்டாக இருக்கிறது, ஆனால் வெளியே விட்டுப் போடத்தான் ஆசை என்றால், தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்து நேர் விளிம்பாக மாற்றிவிடலாம். சின்ன வேலைதான். எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மேலே ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு நின்றே குறிக்கச் சொல்லுங்கள். விலாவில் ஒன்றரை அங்குலம் திறப்பு விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் உட்காரும்போது இழுக்கும். புதுப் பருத்திச் சட்டையாக இருந்தால் இரண்டு முறை துவைத்துக் காயவைத்த பிறகு கொண்டுபோங்கள். பருத்தி நீளவாட்டில் சுருங்கும். வெட்டிய பிறகு சுருங்கினால் திரும்பச் சேர்க்க வழியில்லை.