ஆபரேஷனுக்கு முன் ஒரு விளக்கம்

நாளைக்கு ஆபரேஷன் என்றால் இன்றைக்குத் தூக்கம் வராது. அந்தப் பயத்துக்கு வெறும் "பயப்படாதீங்க" போதாது; நடக்கப்போவதை விளக்கிச் சொல்வதுதான் மருந்து. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணர் எக்பர்ட்டும் குழுவினரும் செய்து 1964-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்ட 97 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் மட்டும், எங்கே வலிக்கும், எத்தனை நாள் வலிக்கும், தையல் இழுக்காமல் எப்படிப் புரண்டு படுப்பது என்று முன்கூட்டியே சொன்னார்கள். அவர்களுக்கு வலி மருந்து மற்றவர்களைவிடச் சுமார் பாதிதான் தேவைப்பட்டது; சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். யாருக்கு விளக்கம் தரப்பட்டது என்பது அறுவை மருத்துவர்களுக்குத் தெரியாது.

வலிக்கும் என்று சொன்னால் பயம் கூடிவிடாதா என்று கேட்கலாம். எதிர்பாராத வலி வந்தால்தான் ஏதோ விபரீதம் என்று மனம் பதறும். எதிர்பார்த்த வலியைத் தாங்கிக்கொள்ளும். எல்லாவற்றையும் கேட்க விரும்பாதவரும் உண்டு. அவரிடம் எவ்வளவு சொல்லலாம் என்று கேட்டுவிட்டுச் சொல்லலாம். டாக்டருக்கு நேரம் ஏது என்பார்கள். நோயாளி சீக்கிரம் வீடு திரும்பினால் அந்த நேரம் வட்டியோடு திரும்பி வருகிறது. ஆகவே, மயக்க மருந்து டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: கண் விழிக்கும்போது எங்கே இருப்பேன், வலித்தால் யாரைக் கூப்பிடுவது?