எவ்வூரில் தங்குவது?
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திவிட்டு இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராயிருக்கும் நாம் கணினித் தொழிலைப் பற்றிப் பேசுவது துணிச்சல்தான். ஆயினும், மடிக்கணினியைப் பையிலிட்டுக்கொண்டு, இணையம் கிடைக்கும் ஊரையே அலுவலகமாக்கிக்கொள்ளும் இளைஞர்களை நாள்தோறும் நிலையத்தில் காண்கின்றோம். அவர்கள் தங்குதற்கு ஏற்றது திருவனந்தபுரமா, நாகர்கோவிலா என்பதே நாம் ஆராயப் புகும் பொருள்.

இக்கேள்வி பழையது. ஆலப்புழையிற் பிறந்த சுந்தரம் பிள்ளை, திருநெல்வேலியில் பணியாற்றிப் பின் இந்நகரில் பேராசிரியராய் அமர்ந்தார்; 1891-இல் மனோன்மணீயம் வெளிவந்தபோது அவர் இந்நகரவாசி. தேரூரிற் பிறந்த கவிமணியோ இங்கே பெண்கள் கல்லூரியில் ஆசிரியராயிருந்து, 1931-இல் ஓய்வு பெற்றதும் நாகர்கோவிலை அடுத்த புத்தேரிக்குச் சென்றுவிட்டார். உழைக்க இந்நகர், இளைப்பாற அவ்வூர் என்றிருந்தது. 1979-இல் இருப்புப்பாதை இரண்டையும் இணைத்தபின், ஏறத்தாழ 70 கிலோமீட்டரைக் காலையிலும் மாலையிலும் கடப்போர் பெருகினர். 2020-இல் வந்த பெருந்தொற்று அவ்வழக்கத்தைக் குலைத்தது. வேலையே வீடு தேடிச் சென்றது. நம் சங்கத்து இளைஞர் பலரும் அதன் பின்னே சென்றனர்.

நாகர்கோவிலில் வாடகை குறைவு. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றுண்டு. மாலையில் குமரிக் கடலுண்டு. தாயார் கையால் தீயலும் உண்டு. இவற்றிற்கு மேல் என்ன வேண்டும் என்று நாமும் எண்ணியிருந்தோம். அங்ஙனம் சென்ற இளைஞர் ஒருவர் இரண்டாண்டுகளில் திரும்பி வந்தார். காரணம் வினவினோம். “வீட்டிலிருப்பவனை வேலையற்றவன் என்றே ஊரார் கொள்கிறார்கள், ஐயா. மின்கட்டணம் செலுத்தவும், கல்யாண வீட்டிற்குப் பந்தற்கால் பார்க்கவும் என்னையே அனுப்புகிறார்கள்” என்றார். நாம் நகைத்தோம், அவர் நகைக்கவில்லை. தம் தொழிலைப் பற்றி ஒரு சொல் பேச அங்கே ஆளில்லை என்பதே அவருடைய உண்மையான குறை.

இந்நகரிலோ 1990-இல் தோன்றிய டெக்னோபார்க் கழக்கூட்டத்தில் இருக்கிறது. அத்தொழிலாளர் கூட்டத்திற்குக் குறைவில்லை. வானூர்தி நிலையம் நகரினுள்ளேயே இருக்கிறது. நாகர்கோவிலாரும் அதற்கு இங்கேதான் வரவேண்டும். நோயென்றால் 1951-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி உண்டு. 1829-இல் நிறுவப்பெற்ற பொது நூலகத்தில் தமிழ் நூல்களும் உள. சாலைக் கடைத்தெருவில் தமிழ் ஒன்றே போதும். அயல்நாட்டார் கோவளத்தையும் வர்க்கலையையும் நாடுவர். கடலைக் கண்டே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது பெரிதன்று.

ஆகவே, முதிய பெற்றோரைப் பேண வேண்டியவர்க்கு நாகர்கோவிலே தக்கது. அதில் நமக்கு ஐயமில்லை. ஏனையோர்க்குத் திருவனந்தபுரம் என்போம். ஆனால், இங்கே தனியறையில் கதவடைத்துத் திரையையே நோக்கியிருப்பவர்க்கு எவ்வூராயின் என்ன?

இவ்விடத்தில் நம்மீதும் குறையுண்டு. நம் சங்க மண்டபம் காலை முதல் மாலை ஐந்து மணி வரை பூட்டியே கிடக்கிறது. நான்கு மேசைகள், இரண்டு மின்விசிறிகள், ஓர் இணைய இணைப்பு, மின்சாரம் நின்றால் ஓட ஓர் இன்வெர்ட்டர், இவ்வளவே தேவை. பகலில் திறந்து வைத்தால் அவ்விளைஞர்கள் வருவார்கள். மாலைக் கூட்டத்திற்கும் இருப்பார்கள். இவ்வாண்டு விழாவிற்கு நாற்காலி அடுக்க ஆளில்லாமல் நாம் பட்ட பாட்டைச் செயலாளர் மறந்திருக்கமாட்டார். அடுத்த செயற்குழுவில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியுள்ளோம். திறவுகோலை வைத்துக்கொள்ள ஒருவர் முன்வர வேண்டும்.